எல்லைக்கு அந்தப் பக்கத்துப் போர்டுக்காரர்

லிஃப்ட் பழுது பார்ப்பதில் அவருக்கு இருபத்தாறு வருஷ அனுபவம். அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறைதான் அவருடைய ஆபீஸ். நிமிர்ந்தால் தலை இடிக்கும். கிரீஸ் வாடை, புறா இறகு, ஒரு முக்காலி, சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. பெட்டிக்குள் இருந்த போர்டுதான் லிஃப்டுக்கு மூளை. எந்த மாடியில் நிற்பது, எப்போது கதவைத் திறப்பது எல்லாம் அது சொல்லித்தான் நடக்கும். அந்தப் போர்டு பக்கத்து நாட்டில் செய்தது.

அது மக்கர் பண்ணினால் லிஃப்ட்காரர் பக்கத்து நாட்டுக்கே போன் போடுவார். கம்பெனியின் உதவி மையத்தில் எப்போதும் ஒரே ஆள்தான் எடுப்பார். அவர் பாஷை இவருக்குத் தெரியாது, இவர் பாஷை அவருக்குத் தெரியாது. போனில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலிதான் இருவருக்கும் வாய். இவர், "கதவு மூடிட்டு மறுபடி தொறக்குதுங்க" என்பார். சற்றுப் பொறுத்து, மேடையில் பேசுவது மாதிரி ஒரு பெண் குரல் வரும்: "மதிப்பிற்குரிய நண்பரே, உங்கள் வாயிலின் கண்ணைத் துடையுங்கள்." இவர் கதவோரத்து சென்சாரைத் துடைப்பார். சரியாகிவிடும்.

ஏழு வருஷமாக இப்படித்தான். முகம் பார்த்ததில்லை. போர்டுக்காரர் என்று இவராக ஒரு பேர் வைத்திருந்தார். முட்டி வலி என்று இவர் எப்போதோ முனகியதைச் செயலி அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது போல. அடுத்த தடவை, "உங்கள் முழங்கால் நலமா?" என்று கேட்டது அந்தப் பெண் குரல். இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்புறம் எல்லையில் சண்டை வந்தது. இரண்டு பக்கமும் சிப்பாய்கள் செத்தார்கள். லிஃப்ட்காரர் மனைவியின் அண்ணன் மகன் அங்கேதான் சிப்பாயாகக் காவல் நின்றான். நாலு நாளாக அவனிடமிருந்து போன் இல்லை. வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. டி.வி. முன்னால் உட்கார்ந்து லிஃப்ட்காரரும் வாயில் வந்தபடி அந்த நாட்டைத் திட்டினார். திட்டும்போதே போர்டுக்காரர் ஞாபகம் வந்தது. அவரையும் சேர்த்துத் திட்டுகிறோமா, அவரைத் தள்ளி வைத்துத் திட்டுகிறோமா என்று அவருக்கே விளங்கவில்லை.

கட்டடத்துக்காரர்கள் கீழே கார் நிறுத்துமிடத்தில் கூடினார்கள். சங்கச் செயலாளர் இவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"மெக்கானிக், அவங்க சாமான் ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாது. அந்தப் போர்டைக் கழட்டிடுங்க."

"நல்லாத்தானே சார் ஓடுது?"

"ஓடுறது வேற விஷயம்."

எட்டாம் மாடி டீச்சருக்குக் கால் சரியில்லை. போர்டைக் கழற்றச் சொல்லி அவரும்தான் கை தூக்கினார்.

புதுப் போர்டு வந்தது. பெட்டி மேல் கொடி, அதன் கீழே கொட்டை எழுத்தில் 'நம் நாட்டுத் தயாரிப்பு'. மாட்டிவிட்டுப் பார்த்தால், மூன்றை அமுக்கினால் லிஃப்ட் நாலில் போய் நின்றது. மூடியைக் கழற்றினார். உள்ளே ஒவ்வொரு பாகத்திலும் பக்கத்து நாட்டு எழுத்து.

விற்ற கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு பெண் பேசினாள். "பெட்டி மட்டுந்தாண்ணா எங்களோடது. உள்ள இருக்கறது அங்கேருந்து வருது. செட்டிங் எல்லாம் எங்களுக்குத் தெரியாது."

"அப்ப இது எந்த நாட்டுப் போர்டும்மா?"

"பில்லுல நம்ம நாடுன்னுதாண்ணா இருக்கு."

முக்காலியில் உட்கார்ந்தார். டீச்சர் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறும் சத்தம் மேலே வரை கேட்டது. பழைய நம்பரை அமுக்கினார். மூன்றாவது தடவைதான் எடுத்தார் போர்டுக்காரர். குரல் தாழ்ந்திருந்தது.

"இங்கே உங்கள் நாட்டுத் துணிகளை வீதியில் எரிக்கிறார்கள். சுருக்கமாகப் பேசுங்கள்" என்றது செயலி.

இவர் விஷயத்தைச் சொன்னார். அவர் எந்தெந்தப் பொத்தானை எத்தனை தடவை அமுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முடிக்கும்போது, "உங்கள் ஆட்கள்தான் முதலில் சுட்டார்கள்" என்றார்.

"இல்லீங்க. உங்க ஆளுங்கதான் மொதல்ல சுட்டாங்க."

செயலி அதையும் அந்தப் பக்கம் சொன்னது. அங்கிருந்து வந்த பதில்: "இப்போது மூன்றாவது மாடியில் நிற்கிறதா?"

"நிக்குதுங்க."

"நல்லது."

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் முகம் சுருங்கியது. "நம்ம பையன் அங்க நிக்கறான். நீங்க அந்த நாட்டுக்காரன்கிட்டயா பேசுனீங்க?"

"லிஃப்ட் ஓடணுமில்ல?"

"ஓடணுந்தான்" என்றாள் அவள். கோபமும் அதோடு நின்றுபோனது.

மறுநாள் அண்ணன் மகன் பேசினான். நலமாக இருந்தான். மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்த வாரமே கட்டடத்தில் லிஃப்டுக்கு ரிப்பன் வெட்டினார்கள். செயலாளர் லிஃப்ட்காரரைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு, நாட்டைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார். போர்டுக்குள் என்ன இருக்கிறது என்பது இவர் வாய் வரைக்கும் வந்தது. "கதவு மூடறப்ப யாரும் கைய நீட்டாதீங்க" என்று மட்டும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள்.

மூன்று மாதத்தில் இரண்டு நாட்டுத் தலைவர்களும் டி.வி.யில் கை குலுக்கினார்கள். ஒரு காலையில் செயலாளர் வீட்டுக்கு ஒரு பெரிய சலவை எந்திரம் வந்து இறங்கியது. அட்டைப்பெட்டியில் பக்கத்து நாட்டு எழுத்து. அதை மேலே ஏற்ற லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் லிஃப்ட்காரர்தான்.

அன்றைக்கே போர்டுக்காரருக்குப் போன் போட்டார். லிஃப்டில் எந்தக் குறையும் இல்லை. சும்மாதான். எடுத்தது வேறு ஒரு குரல், இளவயசுக் குரல். இவர் விசாரித்ததும் செயலி சொன்னது: "அவர் போய்விட்டார்."

"எங்க போயிட்டாருங்க? வேலையை விட்டா?"

"ஆம். போய்விட்டார். உங்கள் பழுது என்ன?"

"பழுது ஒண்ணுமில்ல."

லைன் கட்டாகிவிட்டது.

சாப்பிடும்போது மனைவியிடம் கேட்டார். "போயிட்டார்னா என்ன அர்த்தம்? வேலையை விட்டுட்டாரா, வேற ஊருக்குப் போயிட்டாரா, இல்ல..."

"எனக்கெப்படிங்க தெரியும்? மறுபடி போட்டுக் கேளுங்க."

கேட்டார். இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அந்தப் பெண் குரல் மரியாதையாக அதையேதான் சொன்னது.