"என்னைய யாரும் கூப்பிட மாட்டாங்க"

நான் கண்டிக்குப் பக்கத்தில், கலஹாவில் இருந்துகொண்டு பத்திரிகைகளுக்குச் செய்திப் படம் எடுத்துக் கொடுப்பவள். எங்கேயும் நிரந்தர வேலை இல்லை. ஏச வேண்டிய மேலதிகாரியும் இல்லை. கண்டியில் ஒரு பத்திரிகையின் நிரந்தரப் படப்பிடிப்பாளரான எனக்கு அண்ணன் மாதிரியான ரிஸ்வான் நானாவை அலுவலகம் ஓயாமல் போனில் விரட்டும். பார்க்கப் பாவமாக இருக்கும்.

போன மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மண் சரிந்தபோது இருவரும் படம் எடுக்கப் போனோம். மழை வலுத்தது.

"ஆபீஸ்ல திரும்பி வரச் சொல்லிட்டாங்க. நீயும் வா தங்கச்சி" என்றார் நானா.

"நீங்க போங்க நானா. எனக்கென்ன ஆபீஸா இருக்கு? என்னைய யாரும் கூப்பிட மாட்டாங்க" என்று பெருமையடித்துவிட்டு இன்னும் மேலே ஏறினேன்.

கொஞ்ச நேரத்தில் காலடி மண் வழுக்கி இறங்கியது. ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துத்தான் தப்பினேன். கால் பிசகி எழும்ப முடியவில்லை. போன் சேற்றோடு போய்விட்டது. நான் சொன்ன வார்த்தையே அப்போது என்னைப் பயமுறுத்தியது.

ஆனால், பேராதனை வரை போயிருந்த நானா என்னைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லாததால் திரும்பி வந்து, தோட்டத் தொழிலாளர் லயத்து ஆட்களோடு தேடி என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். படம் பிந்தியதற்கு அலுவலகத்தில் அவருக்கு நல்ல ஏச்சு.

இப்போதெல்லாம் போகுமிடத்தை நானாவிடம் சொல்லாமல் நான் வீட்டைவிட்டு இறங்குவதில்லை. பிந்தினால் அவரே போனில் கூப்பிடுவார். மற்றவர்கள் எல்லாரும் "படம் கிடைச்சதா?" என்றுதான் கேட்பார்கள். அவர் மட்டும், "எங்க நிக்கிற தங்கச்சி?" என்பார்.