பூனைக்கு வாங்கிய மீன்தலை

ராயபுரத்தில் பிறந்து மீன் தின்று வளர்ந்த என்னை, கணவரின் கப்பல் கம்பெனி வேலை ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டது. துறைமுகம் என்றால் மீனுக்குப் பஞ்சமிருக்காது என்று நம்பிப் போனேன். சூப்பர் மார்க்கெட்டில் இருந்ததை மீன் என்று சொல்ல வாய் வரவில்லை. தலை கிடையாது, தோல் கிடையாது, முள் கிடையாது. பிளாஸ்டிக் தட்டில் சோப்புக்கட்டி மாதிரி வெள்ளையாக ஒரு துண்டு. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் எதை நம்பி வாங்குவது? தலை எங்கே என்று அங்கிருந்த ஆளிடம் கேட்டேன். குப்பைக்குப் போகும் என்றார். பிறகு, பூனைக்கா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன். ஒரு பை நிறைய சும்மாவே கொடுத்தார். குழம்புக்கு உயிர் கொடுப்பதைக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் எலுமிச்சை பிழிந்து தின்கிறவர்களிடம் நான் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும்?

அவர்களையாவது விட்டுவிடலாம், தெரியாதவர்கள். எனக்கு ஆகாதது அங்கிருந்த நம் ஆட்கள்தான். தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒரு ஞாயிறு யார் வீட்டிலாவது கூடும். முதல் முறை கிளம்பும்போதே கணவர் எச்சரித்தார்.

"அங்க வந்து இன்னா, கீதுன்னு பேசிக்கினு இருக்காத."

அவரும் காசிமேட்டுக்காரர்தான்.

அந்த வீட்டு அம்மாள் 'மெட்ராஸ் மீன்குழம்பு' என்று ஒன்றை வைத்திருந்தார். புளி இல்லை. டப்பா தேங்காய்ப்பால், தக்காளி விழுது, மணக்க மணக்கப் பட்டை. அதில் அந்த சோப்புக்கட்டி கரைந்து கிடந்தது. எல்லோரும் பிரமாதம் என்றார்கள். ஊரில் மீன் மார்க்கெட் பக்கமே தான் போனதில்லை, அந்த நாற்றம் ஆகாது, இங்கேதான் மீன் சுத்தம் என்று அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்து என் தட்டைப் பார்த்தார்.

"நீங்க மெட்ராஸ்தானே? நீங்க சொல்லுங்க, எப்படி இருக்கு?"

"கொழம்பு கீதுக்கா. மீனு எங்க கீது?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் சிறுத்துப்போனது. கணவர் தட்டிலிருந்து தலை தூக்கவேயில்லை.

திரும்பும்போது ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"பாயசம் மாரி இருந்துச்சு," என்றார்.

அடுத்த மாதம் எங்களுக்கு அழைப்பு வரவில்லை. அவருக்குக் கொஞ்சம் வருத்தம். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.