அலுமாரிக்குள் நின்றுபோன மணிக்கூடு

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள். ஒட்டுசுட்டானில் எங்கள் வயலுக்குக் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். எங்கள் முறை தொடங்கும்போது மடையில் நிற்க வேண்டும். போன முறை என் கைமணிக்கூட்டின் பற்றரி செத்துவிட்டது. நான் பிந்திப் போவதற்குள் பக்கத்து வயல்காரன் என் தண்ணீரையும் சேர்த்துப் பாய்ச்சிவிட்டான். பயிர் கதிர் தள்ளும் நேரம். இன்னொரு முறை தவறினால் எல்லாம் பதர்தான். சேற்றுக் கையால் போனைத் தொடுவதும் எனக்குச் சரிவராது.

ஆகவே பற்றரி இல்லாத மணிக்கூடு வாங்க, என் மனிசனோடு கிளிநொச்சிக்குப் போனேன். கடைக்கார நானா இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று தினமும் முறுக்க வேண்டியது. இலக்கங்கள் பெரிது, தோல் பட்டி. மற்றது கை ஆட ஆடத் தானே முறுக்கிக்கொள்வது. திகதி காட்டும், பின்பக்கக் கண்ணாடியில் உள்ளே பற்சில்லுகள் சுழல்வதும் தெரியும்.

"முறுக்கிற வேலை இல்லை. இதை எடும்," என்றார் மனிசன்.

"கதிரையை விட்டு எழும்பாத உங்கடை கையிலை கட்டினால் உடனை நிண்டிடும். என்ரை கை அப்பிடியே?" என்று சொல்லி அதையே வாங்கினேன்.

புதுச் சாமானை நாங்கள் உடனே பாவிப்பதில்லை. கூறைச் சேலைக்குள் சுற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். தண்ணீர் முறைக்கு முதல் நாள் எடுத்துப் பார்த்தால், முள் அசையவில்லை. மனிசனையும் இழுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் கடைக்குப் போனேன்.

"பழுதான சாமானைத் தந்திட்டியள், நானா!"

அவர் வாங்கி மெல்ல ஆட்டினார். அது ஓடத் தொடங்கியது.

"எங்கை வச்சிருந்தனீங்கள், ஆச்சி?"

"அலுமாரிக்கை."

"அலுமாரி நடந்து திரியுமோ?"

என் மனிசனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கூறைச் சீலைக்கே கலியாணத்துக்குப் பிறகு வெயில் காட்டாத ஆள் இவ," என்றார்.

"சரி, இதுக்குப் பதிலா அந்த முறுக்கிறதைத் தாங்கோ. ஏழு பேரின்ரை காதை முறுக்கினனான், இதை முறுக்கேலாதே?"

மறுநாள் விடிய முறுக்கிக் கட்டிக்கொண்டு மடையில் போய் நின்றேன். பக்கத்து வயல்காரன் போனை எடுத்துப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், திரும்பவும் போனைப் பார்த்தான்.

"என்ன தம்பி, ரெண்டும் ஒரே நேரந்தானே?"

"ஓம் பெரியம்மா," என்று சுரத்தில்லாமல் சொல்லிவிட்டுத் தன் மடையை மூடினான். தண்ணீர் என் வயலுக்குள் இறங்கியது.

எங்கை பேரப்பிள்ளை, என்ரை கையெழுத்தைப் பாத்துச் சிரிக்காமல் நான் எழுதின இதை ஒருக்காச் சத்தமா வாசி பாப்பம். அலுமாரிக் கதை வாற இடத்திலை மட்டும் சத்தத்தைக் குறை, உன்ரை அப்பப்பா முழிச்சிருக்கிறார்.