நுரை பொங்கிய குளியலறை

கல்லூரி முடித்து எங்களோடு இருந்த சித்தியைப் பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருவதாக இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. விளாங்குடியில் எங்கள் வீட்டுக்குப் போர் தண்ணீர்தான். அது பட்ட இடமெல்லாம் வெள்ளையாக உப்புப் படியும். மாப்பிள்ளையின் அம்மா, கை கழுவுகிறேன் என்று குளியலறைக்குள் போய்ப் பார்த்துவிட்டே இரண்டு வீடுகளை வேண்டாம் என்றவர் எனத் தரகர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு இந்த இடத்தை விட மனமில்லை.

"ஆசிட் வாங்கியாறேன். அரை மணி நேரத்துல பளிச்சுன்னு ஆயிரும்" என்றாள் அம்மா.

"பிள்ளை புழங்குற எடத்துல ஆசிட் எதுக்குக்கா? நானும் இவளும் பாத்துக்கிறோம். நீ கேசரியைக் கிண்டு" என்றாள் சித்தி.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கறை படிந்தவற்றை நோட்டில் எழுதினேன்: குழாய் இரண்டு, ஷவர் ஒன்று, டைல்ஸ் நாற்பத்தெட்டு. முதல் குழாயில், சமையலறையில் இருந்த வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்தேன். அரை மணி நேரம் கழித்துத் துடைத்தால் அதில் என் மூக்கு தெரிந்தது. நோட்டில் டிக் போட்டேன்.

சித்தி அந்தக் குழாயைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஆப்பச்சோடா டப்பாவை எடுத்து வந்து, மீதி வினிகரை வாளியில் ஊற்றி, சோடாவை மொத்தமாகக் கொட்டினாள். நுரை பொங்கி வழிந்தது.

"ஆத்தி, எம்புட்டு நுரை சித்தி!"

"பாத்தியா? தேய்டி, நல்லாத் தேய்."

கை வலித்ததுதான் மிச்சம். அதன்பின் நோட்டில் ஒரு டிக் கூட விழவில்லை. அம்மா எட்டிப் பார்த்தபோது வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா கை கழுவிவிட்டு வந்து, கேசரியில் ஒரு வாய் மட்டும் சாப்பிட்டார். இரண்டு நாள் கழித்துத் தரகர் போன் செய்தார்: "தோதுப்படலைன்னுட்டாக."

"ரெண்டு பேரு சேந்து ஒரு பாத்ரூமைக் கழுவத் துப்பில்ல" என்றாள் அம்மா. சித்தியின் கல்யாணம் என்னால்தான் நின்றது என்று தேம்பித் தேம்பி அழுதேன். சித்தி எனக்குப் பரோட்டா வாங்கித் தந்தாள். அடுத்த மாதம் எம்.எஸ்சி. சேர்ந்தாள்.

இப்போது நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். வினிகர் தனியாக உப்புக்கறையைக் கரைக்கும். சோடாவைச் சேர்த்தால் நன்றாக நுரைக்கும். ஆனால் வினிகரின் வேலை அதோடு முடிந்துவிடும். ஒன்பது வயதில் இது எனக்குத் தெரியாது.

சித்தி முடித்திருந்தது பி.எஸ்சி. வேதியியல். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.