இடப்புறச் சாணை

எங்கள் இலஞ்சி வீட்டுச் சாமான் அறையில் ஓர் ஆணியில் அந்தக் கத்தி தொங்குகிறது. வருகிற உறவினர்கள் எடுத்துப் பார்த்து, "நல்லாத்தான இருக்கு, ஏன் சும்மா போட்ருக்க?" என்பார்கள். இடக்கையில் பிடித்தால் பிடி அப்படியே பொருந்தும், ஆனால் வெட்டு வழுக்கும். வலக்கைக்கு மாற்றினால் வெட்டு சரியாக விழும், பிடி விரல்களை உறுத்தும். எந்தக் கைக்கும் உதவாத ஒரு கத்தியைச் செய்யவைக்க என் மாமனார் ஒருவரால்தான் முடியும்.

நான் பிறவி இடக்கைக்காரி. பெண் பார்க்க வந்த அன்று வலக்கையால் காபி கொடுத்துச் சமாளித்தேன். கல்யாணமான மறுநாள் சோறு பரிமாறும்போது குட்டு உடைந்தது. "பீச்சாங்கையால வச்ச சோத்த நாய்கூடத் திங்காது" என்று மாமா இலையை மூடிவிட்டு எழுந்துபோனார். மாமியார் இல்லாத வீடு. எனக்காகப் பேச ஆளில்லை. என் கணவர் தண்ணீர்ச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் வலக்கை, என் அப்பா எனக்கென்று கொடுத்த குற்றாலத்து மங்குஸ்தான் தோட்டத்தில் இடக்கை என்று இரட்டைப் பிழைப்பு பிழைத்தேன். தோட்டத்துக்குள் நுழைந்தால்தான் எனக்கு மூச்சே வரும்.

அந்தத் தோட்டத்துக்காகத்தான் கத்தி செய்யச் சொன்னேன். கிளையில் புல்லுருவி பிடித்தால் பட்டையைக் காயப்படுத்தாமல் ஒட்டச் சீவ வேண்டும். அதற்கு அலகின் ஒரு பக்கம் தட்டையாகவும், மறுபக்கம் மட்டும் சாணை பிடித்தும் இருக்க வேண்டும். வலக்கைக்காரர்களுக்கு வலப்புறம் சாணை, எனக்கு இடப்புறம். கடையில் கிடைப்பதெல்லாம் அவர்களுக்கானதுதான். நாள்கணக்கில் யோசித்து வைத்திருந்தேன். மரம் ஏறும்போது தொடையில் குத்தாதபடி முனை மழுங்கலாக இருக்கட்டும். நீளம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக. கொம்புப் பிடி அழகுதான், சாரலில் வழுக்குமே. ஆகவே புளிய மரப் பிடி. அதன் வடிவத்தை வாயால் சொல்ல வராமல், சப்பாத்தி மாவை இடக்கைக்குள் வைத்து இறுக்கி, விரல் பதிந்த உருண்டையை வெயிலில் காயவைத்துத் தென்காசிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். "எம்மா, கொழுக்கட்டைக்குப் பிடி போடச் சொல்லுதியளா?" என்று ஆசாரி சிரித்தார். அதே அச்சில் செதுக்கியும் கொடுத்தார்.

கத்தி தயாரானதும் வாங்கிவர மாமாவே கிளம்பினார். என் காரியத்துக்காக ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப்போடாத மனிதர்! திரும்பி வந்தவர் கத்திக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சாமி படத்தின் முன் என் வலக்கையில் கொடுத்தார். "நல்லா இரு" என்றார். நானும் உருகிப்போய்க் காலில் விழுந்தேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது.

மறுநாள் காலை சாரலோடு மரத்தில் ஏறினேன். பிடி இடக்கைக்குள் அத்தனை வாகாக உட்கார்ந்ததால் அலகைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. முதல் புல்லுருவியில் வைத்து இழுத்ததும் கத்தி உள்ளே இறங்காமல் கிளைமேல் வழுக்கி, கிளையைப் பற்றியிருந்த என் வலக்கையில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். நரம்பு அறுபட்ட இரண்டு விரல்கள் அதன்பிறகு மடங்கவே இல்லை.

சாணை ஏன் வலப்புறம் இருக்கிறது என்று கட்டோடு பட்டறைக்குப் போய்க் கேட்டேன். ஆசாரி பதறிவிட்டார். "பெரியவருதாம்மா வந்து சாணைய அந்தப் பக்கம் மாத்திப் பிடிக்கச் சொன்னாரு. பிடி போட்டாச்சேன்னேன், அது கெடக்கட்டும்னாரு. ஒங்ககிட்ட சொல்லியாச்சுன்னாருல்லா!"

வீட்டில் மாமா மறைக்கக்கூட இல்லை. "ஆமா, நான்தான் சொன்னேன். பீச்சாங்கைக்கு ஆயுதம் அடிச்சு வீட்டுக்குள்ள வச்சா குடும்பம் வெளங்குமா? சோத்தாங்கையில பிடிச்சிருந்தா ஒனக்கு ஒண்ணும் ஆயிருக்காதுல்லா?" என் கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார் பாவி மனுஷன்.

அன்றிலிருந்து என் வலக்கையில் கரண்டி நிற்கவில்லை. இடக்கையால் பரிமாறினேன். மாமா இலையை மூடினார். மறுநாளும் மூடினார். பசி தாங்காமல் ஒருநாள் இலையை விரித்து, சுவரைப் பார்த்தபடி உண்டார். நான் வேண்டுமென்றே மெதுவாகப் பரிமாறினேன். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமா மாமா?" என்று தினமும் குனிந்து கேட்டேன். அவர் உயிரோடிருந்தவரை ஒரு வேளைகூட விடவில்லை.

போன சாரல் பருவத்தில் அவருக்கு முடிவு வந்தது. எல்லோரும் வாயில் பால் ஊற்றினார்கள். என் முறை வந்தபோது, "சோத்தாங்கையால ஊத்துட்டி" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். மடங்காத விரல்களுக்குள் கரண்டி நழுவியது. இடக்கைக்கு மாற்றினேன். மாமா கண்ணைத் திறந்து அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

காரியம் முடிந்ததும் அவர் படத்தை மாட்ட ஆணி தேடினார்கள். சாமான் அறை ஆணி நல்ல உறுதி, கத்தியைக் கழற்றிவிட்டு அதைப் பிடுங்கிக்கொள்ளலாமே என்றார் என் கணவர். "அது கெடக்கட்டும்" என்றேன். படத்துக்கு வேறு ஆணி அடித்துக்கொண்டார்கள். நான் இடுப்பில் புதுக் கத்தியைச் செருகிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டேன். இதற்கு இடப்புறம்தான் சாணை. பட்டறையில் பக்கத்திலேயே நின்று பார்த்து வாங்கி வந்தேன்.