மாப்பிள்ளை வீட்டு மேகம்

கேமரா வாங்கிய புதிதில் என் மாமா மனிதர்களைப் படம் எடுக்க மாட்டார். மனுஷன் மூஞ்சியைத்தான் தினமும் பார்க்கிறோமே என்பது அவர் கட்சி. அவருக்கு மேகம் வேண்டும். அதுவும் இடியோடு வருகிற மேகம். அம்மாவுக்கு ஒரே தம்பி. தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலை, எங்கள் வீட்டில் சாப்பாடு. பெட்டிக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே நடந்து, சிதம்பரம் கீழவீதியில் மாட்டின் மேல் மோதிக்கொண்ட பெருமை அவருக்கு உண்டு.

ஆனால் கேமராவுக்கும் மேகத்துக்கும் ஆகவில்லை. கண்ணுக்கு மலை மலையாகத் தெரிந்ததெல்லாம் படத்தில் காணாமல் போனது. தென்னை இருக்கும், கோபுரம் இருக்கும், மேலே சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஒரு வானம். அந்த மேகம் எங்கேதான் போகிறது? எனக்கு அப்போது ஒன்பது வயது. சோறு இறங்காத அளவுக்கு அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. உள்ளேயே தங்கிவிட்டதோ என்று கேமராவைத் திறந்தும் பார்த்தேன். ஒரு ரோல் வீணாகி, முதுகில் அடி வாங்கியதுதான் மிச்சம்.

விடை கண்டுபிடித்தவள் அக்கா. கல்லூரியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வருஷம் பாக்கி. மிட்டாய் சுற்றி வந்த மஞ்சள் கண்ணாடித்தாளை லென்சுக்கு முன்னால் ஒட்டச் சொன்னாள். வானம் கொஞ்சம் கறுத்தது, மேகம் லேசாக எட்டிப் பார்த்தது. மாமா அன்று அவளுக்கு மிக்சர் வாங்கிக் கொடுத்தார்.

அந்தக் கோடை விடுமுறையில்தான் அத்தை கடலூரிலிருந்து ஒரு வரன் கொண்டு வந்தார். அப்பாவுக்கு மூத்தவர், தாயில்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தவர். அவர் பேச்சை அப்பா தட்டி நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை வீடு கடலூர் முதுநகரில், கடலை ஒட்டி. நல்ல இடம்தான், ஆனால் ஆவணியில் கல்யாணம், படிப்பு இதோடு போதும் என்று சொல்லிவிட்டார்கள். அக்காவை யாரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவள் படிப்பதற்குப் புத்தகத்தை விரித்தால் பக்கம் புரளாது.

மூச்சிழுப்பு உள்ள அம்மாவால் கடலூர் வரை போய் வீடு பார்க்க முடியாது. ஆகவே வீட்டைப் படம் எடுத்து வரும்படி மாமாவை அனுப்பினார்கள். பாசஞ்சர் வண்டியில் நானும் தொற்றிக்கொண்டேன். மாப்பிள்ளையின் அம்மா தலை சீவி, பட்டுப் புடவை கட்டி வாசலில் வந்து நின்றார். மாமாவோ பின்னால் நகர்ந்துகொண்டே போனார், ரோட்டுக்கே போய்விட்டார். வீட்டுக்குப் பின்னால் கடல் மேல் ஒரு மேகம் வெள்ளையாகக் குவிந்திருந்தது. அதற்காகத்தான் அத்தனை தூரம். வீடு கீழே ஒரு ஓரமாக வந்தால் போதும் என்று நினைத்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் சாமான் அறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, சிவப்புத் தாள் சுற்றிய விளக்கில் பிரிண்ட் போட்டோம். முதல் பிரிண்டில் வீடு பளிச்சென்று வந்தது, மேலே சாதுவாக ஒரு மேகம். மாமாவுக்கு அதுவே பரம திருப்தி. அக்கா அதை நெடுநேரம் பார்த்தாள்.

"மேகம் இன்னும் நெறைய உள்ள இருக்கு மாமா. எடுத்துடலாம்."

முதல் பிரிண்டைக் கிழித்துப் போட்டாள். அட்டையைக் கூரை வடிவத்தில் வெட்டி, வீட்டின் மேல் மட்டும் வெளிச்சம் படாதபடி பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்கும்படி என்னிடம் கொடுத்தாள். வானத்துக்கு மட்டும் வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. வெளிச்சம் படப்படத்தான் தாள் கறுக்குமாம். எனக்குக் கை கடுத்தது. போதும்மா என்று மாமா சொன்னார். இன்னும் கொஞ்சம் என்றாள் அக்கா.

பீங்கான் தட்டு மருந்தில் தாள் மிதந்தது. முதலில் ஒரு கறை. பிறகு அது ஊறி, பரவி, உருண்டு திரண்டு, வீட்டை விழுங்கப் போவதுபோல் மேலே நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனையும் எங்கேயும் போகவில்லை, அதற்குள்ளேயே இருந்திருக்கிறது! மாமா குதிக்காத குறை.

அந்தக் கையோடு அதை அப்பாவிடம் கொண்டுபோய், இப்படி ஒரு மேகத்தைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்று பீற்றிக்கொண்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அப்பா அரிசி மில் கணக்குப்பிள்ளை ஆவதற்கு முன் கடலூர் துறைமுகத்தில் படகுகளுக்கு மூட்டை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தவர். வானத்தைப் பார்க்கத் தெரியும். படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தோளில் சாய்ந்து பார்த்தேன். வீட்டு வாசலில் ஒரு வேட்டி விரித்திருந்தது, பக்கத்தில் காக்காய்க்குப் பயம் காட்ட விரித்து வைத்த குடை.

"அப்பா, இது நான் தின்ன வடகம். வெயில்ல பாதிதான் காஞ்சிருந்துது."

அப்பா குனிந்து உற்றுப் பார்த்தார். படத்து வானத்தைப் பார்த்தார், மறுபடி வடகத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது. அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். படத்தை நீட்டியபோது வடகத்தின் மேல் அவர் கட்டைவிரல் இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. விரலை நகர்த்தப் பார்த்தேன், அது நகரவில்லை.

"வூட்டுக்குள்ளியே கடலு வந்துரும் போலருக்கே" என்றார் அம்மா.

"அதான் பாத்தேன். நீ பயப்படுவியே. வேணாம்னு அவுங்களுக்குச் சொல்லிடுறேன். இவ மொதல்ல படிப்ப முடிக்கட்டும்."

அத்தை ஒரு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

எனக்கு அன்று வேறு கவலை. ஈரம் சரியாகக் காயாத போட்டோவைத் தொடக்கூடாது, ரேகை பதியும் என்று மாமா தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு மட்டும் போட்டோவைக் கையில் பிடிக்கத் தெரியவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் புகார் செய்தேன். சரியாக வடகம் இருந்த இடத்தில் கட்டைவிரல் ரேகை அழுத்தமாகப் பதிந்திருந்தது. அக்கா அதையே பார்த்தாள். அப்புறம் படத்தை மார்போடு வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழ ஆரம்பித்தாள்.

இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்த மேகம் வீணாகிவிட்டதே என்று எனக்கும் அழுகை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

"அழாதக்கா. வேற பிரிண்ட் போட்டுக்கலாம்."