தம்பி நடந்த சுற்றுகள்

என் தம்பிக்குக் காதில் குரல் கேட்கும் நோய். மனச்சிதைவு என்று திருநெல்வேலி டாக்டர் எழுதிக்கொடுத்தார். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் கோட்டி. அம்மா போன பிறகு அவன் என் வீட்டில்தான் இருக்கிறான். பதினோரு வருடமாக அவனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. இனிச் சொல்லப்போவதற்கு யார் பொறுப்பு என்று தெரியட்டும், அதற்காகச் சொல்கிறேன்.

போன வருடம் வைகாசியில் டாக்டர் மருந்தை மாற்றினார். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து. ஒன்று குரலை அடக்க. மற்றது, அந்த மருந்தால் வரும் கை நடுக்கத்தையும் உடம்பு இறுக்கத்தையும் குறைக்க. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. நீங்களாகக் கூட்டக் கூடாது, நிறுத்தக் கூடாது என்றார். வியர்வையைக் குறைக்கும் மருந்து, வெயிலில் அலையவிடாதீர்கள், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். கடைசியாக, "ஒரு இடத்துல உட்கார முடியாம நடந்துக்கிட்டே இருந்தாருன்னா உடனே வந்து சொல்லணும். அது நோய் இல்லம்மா, மருந்து பண்ற வேலை. அவருக்கு அது பெரிய அவஸ்தை" என்றார். நான் தலையை ஆட்டினேன். டாக்டர்கள் முன்னால் தலையாட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

மூன்றாம் வாரமே நடக்க ஆரம்பித்துவிட்டான். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தபடியே சாப்பிட்டான். டிவி முன்னால் இரண்டு நிமிடம் இருக்க மாட்டான்.

"ஏக்கா, காலுக்குள்ள என்னமோ ஊருது. உக்கார விடமாட்டேங்கு."

"நடலே. உடம்புக்கு நல்லதுதான" என்றேன். குரல் நின்றிருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆடி வந்தது. எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் ஆடித் திருவிழாவுக்குக் கொடியேறிய நாளிலிருந்து ஜனங்கள் கோயிலைச் சுற்றுவார்கள். நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று என்று நேர்ந்துகொண்டு சுற்றுவார்கள். சுற்றுகிறவரின் கால்வலியை அம்மனே வாங்கிக்கொள்வாள் என்பது நம்பிக்கை. மகளுக்கு மாப்பிள்ளை அமைய நான் ஐந்நூற்றியொன்று நேர்ந்திருந்தேன். மூட்டுவலியில் நாற்பதாவது சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். துணைக்கு வந்த தம்பி ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே போய்ப் போய் வந்துகொண்டிருந்தான்.

"சும்மாதான நடக்க. எனக்காவ சுத்துலே" என்றேன்.

மகளுக்கு வந்த மூன்று வரன்களும் இவனைப் பற்றிக் கேள்விப்பட்டதும் தட்டிப்போயின. அதனால் இவன் நடப்பதுதான் நியாயம் என்றும் எனக்குப் பட்டது.

நாலே நாளில் முடித்துவிட்டான். விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. எதிர்வீட்டு மதினி முதலில் வந்தாள், மகனுக்கு விசா கிடைக்க வேண்டுமென்று. பிறகு பூக்கடைக்காரர் மனைவி. அவன் வந்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திய தெரு, இப்போது வாசலில் வந்து நின்று 'தம்பி, தம்பி' என்றது. யாருக்கு முதலில் சுற்றுவது என்று நான் முடிவு செய்தேன். அது எனக்குக் கௌரவமாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

நடுவில் ஒரு நாள் மருந்து வாங்க நான் மட்டும் திருநெல்வேலி போனேன். "உட்கார முடியுதா?" என்று டாக்டர் கேட்டார்.

"நல்லா உக்காருதான் சார்" என்றேன்.

ஒன்பதாம் நாள் மதியம், வெளிப்பிரகாரத்துக் கல் கொதித்தது. தம்பி என்னிடம் வந்து, "ஏக்கா, நாக்கு ஒட்டுது. உடம்பெல்லாம் எரியி" என்றான். தொட்டுப் பார்த்தேன். நெருப்பாகச் சுட்டது. ஒரு பொட்டு வியர்வை இல்லை. மதினிக்கு இன்னும் அறுபது சுற்று பாக்கி. சுற்று முடியும்வரை தண்ணீர் குடிக்கக் கூடாது என்று அவள் வேறு சொல்லிவைத்திருந்தாள். மாத்திரையின் வேகம் குறைந்ததால்தான் நடை தளர்கிறது என்று நானாக நினைத்து, இரவு மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்து அப்போதே கொடுத்தேன். அவன் அதை விழுங்க முடியாமல் விழுங்கிவிட்டுப் போனான்.

பதினைந்தாவது சுற்றில் விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் ஐஸ் வைத்து, குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள்தான் தெளிவாகப் பேசினான். இளம்வயது டாக்டரம்மா ஒருத்தி என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். நியாயமான ஏச்சு. பிறகு அவனிடம், "எவ்வளவு நாளா உட்கார முடியல?" என்று கேட்டாள்.

"ரெண்டு மாசம் இருக்கும்."

"அவ்வளவு நாளா இந்த அவஸ்தையோட நடந்திருக்கீங்க. முடியலன்னு நீங்களாவது நின்னிருக்கலாமே?"

அவன் என்னைப் பார்க்காமல் சொன்னான். "நடக்கும்போதுதான் மேடம் எல்லாரும் எங்கிட்ட நல்லா பேசுதாவ."

செத்துப்போகலாம் போலிருந்தது. சாகவில்லை. கேன்டீனுக்குப் போய் டீ குடித்தேன்.

மருந்தை மாற்றி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தார்கள். இப்போது அவன் உட்காருகிறான். ஒரு சாப்பாட்டை முழுதாக உட்கார்ந்து சாப்பிடுகிறான். தெருவில் யாரும் அவனைத் தம்பி என்று கூப்பிடுவதில்லை.

இந்த ஆடியில் கொடியேறிய மறுநாள் எதிர்வீட்டு மதினி வந்தாள். துபாய் போன மகனுக்கு வேலை போய்விட்டதாம், ஆயிரத்தொன்று நேர்ந்திருக்கிறாளாம். நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவனை மேலும் கீழும் பார்த்தாள். என்னை அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய் மெதுவாகக் கேட்டாள்.

"ஏ மதினி, அந்தப் பழைய மாத்திரைய ஒரு பத்து நாளைக்கு மட்டும் குடுத்தா என்ன?"

வெளியே போ என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லி முடிப்பதற்குள், என் மகளுக்கும் சேர்த்து ஒரு நூற்றியொன்று சுற்றலாமே என்று என் புத்தி ஓடிவிட்டது. அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

திரும்பினால் அடுப்படி வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறான்.

"ஏக்கா, அவுகள ஏசாத" என்றான். "அந்த மாத்திரையவே தா. நான் சாப்பிடுதேன்."